கலைந்த சபையின் மெம்பர்

என் கணவர் ஐந்து வருடம் மாகாணசபை உறுப்பினராக இருந்தார். அந்த ஐந்து வருடத்தில்கூட அவரை இடைக்கிடை வீட்டில் பிடிக்க முடிந்தது. சபையின் காலம் முடிந்து, புதிய தேர்தலும் வராமல் போன பிறகுதான் அவர் வீடு தங்காத மனிதராகிப் போனார்.

காலம் முடிந்த மறுநாள் காலை வழமைபோல எழும்பிக் குளித்தார். வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை வாசற் படலைவரை உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜெயபுரத்திலிருந்து பெரிய வீதிக்கு ஏறினால் ஒரு பக்கம் பூநகரி, மறுபக்கம் மன்னார். இரண்டில் எந்தப் பக்கமும் அவருக்கு அன்றைக்கு அலுவல் இல்லை. சைக்கிளின் கைபிடியைப் பிடித்தபடி கனநேரம் நின்றார்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டேன்.

"ஒருக்கால் சந்திக்குப் போட்டு வாறன்."

சந்திக்குப் போனவர் பொழுதுபட்டுத்தான் வந்தார். போன இடத்தில் முழங்காவிலில் ஒரு செத்தவீடு என்று கேள்விப்பட்டாராம். செத்தவரை அவருக்குத் தெரியாது. ஆனாலும் போய்ப் பந்தல் போட உதவி செய்து, பறைக்காரருக்கு ஆள் அனுப்பி, சுடலைவரை நடந்துவிட்டு வந்திருக்கிறார். கால் கழுவும்போது அவருடைய முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் இனி இப்படித்தான் என்று விளங்கிவிட்டது.

அவருடைய தாய் தகப்பன் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்தில் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத் தீ வைத்தபோது கைக்குழந்தையாக இருந்த இவரைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு ஓடிவந்து, காடு வெட்டி, கொட்டில் போட்டு, உழுந்தும் பயறும் போட்டுச் சீவித்தவர்கள். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்தின்கீழ் வயற்காணி கிடைத்துக் குடியேறியவர். எல்லாரும் வந்து குடியேறியவர்கள்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது ஒருபோதும் ஒரே கணக்கில் வரவில்லை. முன்பள்ளியில் படிப்பிக்க ஜெயபுரம் வந்த நான் இவரைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று நின்றபோது, என் அண்ணன் முற்றத்தில் நின்று, "தோட்டக்காட்டானுக்கோ எங்கடை பிள்ளையைக் குடுக்கிறது?" என்று ஊர் கேட்கச் சத்தம் போட்டான். கலியாணத்துக்கு அவன் வரவில்லை. என் பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை.

கடைசி யுத்தத்தில் எல்லாரையும்போல நாங்களும் முள்ளிவாய்க்கால்வரை போனோம். இவருடைய தகப்பன், என் மாமா, அங்கேயே தங்கிவிட்டார். மணலைக் கையால் அள்ளி மூடிவிட்டு நடந்தோம். அதனால்தான் இவர் ஒரு செத்தவீடும் தவறவிடாமல் போகிறார் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். இருக்கலாம். நான் அவரிடம் கேட்டதில்லை.

யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பிவந்தபோது வீட்டுக்குக் கதவு நிலைகூட இருக்கவில்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு அவர் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளரானார். விதைநெல், உரம், யானைவேலி என்று மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு அலைந்தார். அலைவது அவருக்குப் பிடித்திருந்தது. மாகாணசபைத் தேர்தல் வந்தபோது கட்சிக்காரர் இரண்டுபேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் நரைத்த மீசைக்காரர், மாவட்டப் பொறுப்பாளர். அவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: "மலையகத்துச் சனம் இந்தப் பக்கம் கனக்க இருக்குது. அவையிலை ஒராள் எங்களிட்டை இல்லை. நீங்கள் நிக்க வேணும்."

"அவையிலை ஒராள்" என்று பிரித்துச் சொன்னது எனக்குக் குத்தியது. இவருக்குக் குத்தவில்லையா, அல்லது குத்தியதைக் காட்டவில்லையா தெரியாது. "ஓம், நிக்கிறன்," என்றார். அவ்வளவுதான்.

முதற்கூட்டம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. மேடைக்கென்று எழுதிப் பாடமாக்கிய தமிழில் பேசத் தொடங்கினார். உரிமை, தாயகம், அபிலாசை. சனம் கதிரையில் நெளிந்தது. பின்னால் இருந்தவர்கள் போனைப் பார்த்தார்கள். இவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு, தன் தாயுடன் மட்டும் கதைக்கும் தமிழில், மலையகத் தமிழில், "அம்மா, உங்களுக்குக் காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்குங்களா? எங்க வீட்டுலயும் இல்லீங்க," என்றார். மண்டபம் அடங்கிப்போனது. பின்வரிசையிலிருந்த வயதான பெண்கள் எழும்பி முன்னுக்கு வந்தார்கள். அவர் வெளியாட்களோடு வன்னித் தமிழ்தான் கதைப்பார். அத்தனை வருடம் கூட வாழ்ந்த நான் அவர் ஊருக்கு முன்னால் அப்படிக் கதைத்ததை அன்றுதான் கேட்டேன்.

வென்றார்.

முடிவு வந்த அன்றே என் அண்ணன் வந்தான். கையில் பெரிய ரோசாப்பூ மாலை. படலையைத் திறக்கும்போதே, "மச்சான்!" என்றான். அதுவரை அவன் இவரை ஒரு பெயராலும் கூப்பிட்டதில்லை. இவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "வாங்கோ மச்சான், இருங்கோ," என்று நல்ல கதிரையாகப் பார்த்துப் போட்டார். நான் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் மருமகனுக்கு வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு இடமாற்றம் வேண்டும் என்று மெதுவாக எடுத்தான்.

அவன் போன பிறகு, "என்னப்பா, உங்களுக்குச் சூடுசுரணை இல்லையோ?" என்று கேட்டேன்.

"வந்திட்டார் தானே," என்றார். "வராமல் இருந்தவர் வந்திட்டார். பிறகென்ன?"

இடமாற்றத்தை அவரால் எடுத்துக்கொடுக்க முடியவில்லை. ஆனால் அண்ணன் வருவதை நிறுத்தவில்லை. அதற்கு நான் என்ன பெயர் வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த ஐந்து வருடமும் சபைக்கூட்டம் என்றால் விடியமுன் வெளிக்கிட்டுச் சங்குப்பிட்டிப் பாலத்தால் யாழ்ப்பாணப் பக்கம் போய்விடுவார். தீர்மானம் நிறைவேற்றினோம் என்று வந்து சொல்வார். நான் முதலில் சந்தோசப்பட்டேன். பிறகு, "நிறைவேறினது எங்கை இருக்குது?" என்று கேட்கத் தொடங்கினேன். பேப்பரில் இருக்கும் என்பார்.

பேப்பருக்கு வெளியே அவர் கொண்டுவந்தது ஒரு பஸ். ஜெயபுரத்து உள்வீதிகளைச் சுற்றி, காலைக் கிளினிக்குக்கு ஆட்களைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடும் பஸ். அதற்கு முன்னர் சீனிவருத்தக்காரரும் பிள்ளைத்தாச்சிகளும் பெரிய வீதிவரை நடந்து, வருமோ வராதோ என்று வெயிலில் நிற்பார்கள். அந்த ஒரு பஸ்ஸுக்காக எத்தனை அரச கந்தோர் ஏறி இறங்கினாரோ தெரியாது. முதல்நாள் பஸ் வந்தபோது பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்தார்கள். மாமி முன்சீற்றில் ஏறி இருந்துகொண்டார். கிளிநொச்சிவரை போய், இறங்காமல் அதே சீற்றில் திரும்பி வந்தார். "என்னம்மா, ஊர் பார்த்தீங்களா?" என்று இவர் கேட்க, "எம் மவன் பஸ்ஸப் பார்த்தேன், போதும்," என்றார்.

சபை கலைந்து இரண்டு மழைக்காலம் போயிருக்கும், பஸ் நின்றுவிட்டது. முதலில் பழுதென்றார்கள். பிறகு சாரதி இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு நாட்டில் டீசலே இல்லாத காலம் வந்தது. அந்தக் காலம் முடிந்தும் பஸ் வரவில்லை.

சனம் எங்கள் படலைக்கு வந்தது. சபை இல்லை, பதவி இல்லை, வாகனம் இல்லை. அதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் "மெம்பர் நிக்கிறாரோ?" என்றுதான் கேட்பார்கள். ஒருநாள் காலை குறுக்கு வீதியிலிருக்கும் ஒரு பெண் வந்தாள். சிறுநீரக வருத்தக்காரி, முகமெல்லாம் வீங்கியிருந்தது. படலையைப் பிடித்துக்கொண்டு இரைந்தாள்: "பஸ் விட்டனான் விட்டனான் எண்டு வோட்டுக் கேட்டியள். இப்ப நான் என்ன பறந்தோ போறது?"

இவர் உடனே மோட்டார் சைக்கிளை எடுத்தார். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி போனார். அன்றிலிருந்து அது ஒரு வேலையாகிப் போனது. கிளினிக் நாள் என்றால் ஒருவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவந்து இன்னொருவரை ஏற்றுவார். பெற்றோலுக்கு வரிசையில் நிற்பார். வரிசையிலும் சும்மா நிற்கமாட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து சண்டையை விலக்குவார். வயலை விதைக்க ஆளில்லாமல் இரண்டு போகம் குத்தகைக்குக் கொடுத்தோம்.

இடையில் பஸ் டிப்போவுக்கு ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அன்று பல்லுக்குக் காட்டவேண்டியிருந்தது. போகிற வழியில் ஐந்து நிமிட அலுவல் என்றார். உள்ளே இருந்த உத்தியோகத்தர் இளம் ஆள். பஸ்ஸைத் திரும்ப விடச்சொல்லி இவர் நீட்டிய கடிதத்தை வாங்கிப் பார்த்தார். சபைக் காலத்தில் அச்சடித்த கடிதத்தலைப்பு. "உறுப்பினர்" என்ற சொல்லுக்கு முன்னால் இவர் பேனையால் "முன்னாள்" என்று எழுதியிருந்தார்.

"சேர், குறை நினையாதேங்கோ," என்றார் அந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான். "நீங்கள் முன்னாள். சரி. ஆனால் அந்தச் சபையே இப்ப இல்லையே. நான் இதை ஆருக்கு அனுப்புறது?"

இவர் விளக்கினார். தேர்தல் கட்டாயம் வரும், சபை திரும்பவும் கூடும், அதுவரைக்கும் தொடர்ச்சி இருக்கவேண்டும் என்றெல்லாம். எனக்குப் பல் விண்விண்ணென்று இடித்தது. அந்த இளைஞர் எனக்கு ஒரு கதிரையைத் தள்ளிப் போட்டார். இவர் கடைசிவரை கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கதைத்தார்.

வெளியில் வந்து, "பாத்தீரோ, கடிதத்தை வாங்கிட்டான்," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பல்வைத்தியர் அன்றைக்குப் போய்விட்டார்.

தேர்தல் வருகிறது என்ற கதை நெருப்பெடுத்த காட்டைப்போல அங்கங்கே புகைந்துகொண்டே இருந்தது. அடுத்த தை என்பார்கள், பிறகு ஆடி என்பார்கள். கதை வரும் ஒவ்வொரு முறையும் இவர் வெள்ளைச் சேட்டுகளை எடுத்து வெயிலில் போடுவார். கூப்பிடாத சாமத்தியச் சடங்குவீட்டுக்கும் போவார். ஒவ்வொரு முறையும் அது இல்லையென்று ஆகும். அந்த நாட்களில் அவரோடு ஒரு வீட்டில் இருப்பது இலேசல்ல. சோற்றைப் பிசைந்துகொண்டே எழும்பிவிடுவார். போன் அடிக்காவிட்டால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடித்தால் எடுக்கமுன்னமே சேட்டைத் தேடுவார்.

மாகாணசபைத் தேர்தல் வரவில்லை. பிரதேச சபைத் தேர்தல் வந்தது.

மாவட்டப் பொறுப்பாளர், அதே நரைத்த மீசைக்காரர், பின்னேரம் வருகிறேன் என்று போன் பண்ணினார். இவர் தாடியை வழித்தார். முற்றத்தைத் தானே கூட்டினார். அயல்வீட்டில் கதிரை வாங்கிப் போட்டார். "மாகாணத்திலை இருந்தவன் பிரதேச சபைக்கு இறங்கிறது ஒரு மாதிரித்தான்," என்று எனக்குச் சொன்னார். "எண்டாலும் சனத்துக்காக நிக்கத்தான் வேணும்." அவர் ஏற்கெனவே பதிலை ஆயத்தம் பண்ணிவிட்டார் என்று தெரிந்தது.

பொறுப்பாளர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கதிரையைக் கொஞ்சம் திருப்பி, குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அக்கா, நாங்கள் உங்களைக் கேக்கத்தான் வந்தனாங்கள்."

எனக்கு விளங்கவில்லை. பெண்களைக் கட்டாயம் நிறுத்தவேண்டும் என்று சட்டம், அதற்கு ஆள் தேடித் திரிகிறார்கள், முன்பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளில் எனக்கு நல்ல பெயர் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் இவரைப் பார்த்தேன். ஆயத்தம் பண்ணிய சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணை என்ன சொல்லுறியள்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"அவாவைத்தானே கேட்டனீங்கள். அவா சொல்லட்டும்," என்றார். எழும்பி, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அன்று பதில் சொல்லவில்லை. அவர் வரும்வரை முற்றத்திலேயே நடந்தேன். கதிரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முருங்கைக்கு ஏன் தண்ணீர் ஊற்றினேன் என்று தெரியாது, அதற்கு நான் ஒருநாளும் ஊற்றுவதில்லை. ஓம் என்றால் அவரை அவமானப்படுத்தியதாகும். இல்லை என்றால் என் வாய்க்குள் ஏதோ ஒன்று திரும்பிப் போய்விடும். அது என்னவென்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த மனிதன் படலையைத் தாண்டிப்போய் எதைத்தான் பார்க்கிறார் என்று எனக்கும் ஒருமுறை பார்க்கவேண்டும்போல இருந்தது. அதுதான் உண்மை.

திரும்பி வந்தவர் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"நில்லும்," என்றார்.

"உங்களுக்குக் கோபம் இல்லையோ?"

"இருக்குது. அதுக்கென்ன செய்யிறது. நில்லும்."

எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகப் போனோம். இவர்தான் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் நான் வாயைத் திறக்கமுன் இவர் தொடங்கிவிடுவார்: "நான் சபையிலை இருக்கேக்கை..." சனமும் அவரோடுதான் கதைத்தது. மூன்றாம் நாள் ஒரு சிறு கூட்டம், அதே பொதுநோக்கு மண்டபம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவர் என்னோடு மேடைக்கு ஏறி ஒலிவாங்கியை எடுத்து, தன் ஐந்து வருடத்தைச் சொல்லத் தொடங்கினார். சனம் சிரித்தது. நான் பக்கத்தில் நின்றேன். அவர் மூச்சு விட்ட இடத்தில் ஒலிவாங்கியைக் கையிலிருந்து எடுத்தேன். பிடுங்கினேன் என்றும் சொல்லலாம்.

முன்வரிசையில் ஒரு கிழவர் எழும்பி, "பிள்ளை, பஸ் விடுவியளோ?" என்று கேட்டார்.

"ஏலாது ஐயா," என்றேன். "பிரதேச சபையிட்டைப் பஸ் இல்லை. மதகு இருக்குது, தெருவெளிச்சம் இருக்குது, குப்பை அள்ளுற உழவு இயந்திரம் இருக்குது. அதுகளைப் பற்றிக் கேளுங்கோ."

மண்டபம் கசகசத்தது. பொறுப்பாளர் தலையில் கைவைத்தார். மேடையால் இறங்கும்போது இவர் காதருகே சொன்னார்: "இப்பிடியோ வோட்டுக் கேக்கிறது? ஏலாது எண்ட சொல்லை மேடையிலை சொல்லுறதோ?"

"உங்கடை சபை இருக்கேக்கையும் கனக்க ஏலாமல்தானே இருந்தது. ஆரும் சொல்லேல்லை."

அவர் வீட்டுக்கு வரும்வரை சைக்கிளை வழமையைவிட வேகமாக ஓட்டினார். அடுத்த நாள் காலை நான் வெளிக்கிட முன்னமே சைக்கிளைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து வீடுகளில் அவர் பேசவில்லை. ஆனால் பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய வேலை. நான் கதைக்கும்போது முற்றத்து மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நிற்பார். அந்த வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போடுவார். கிணற்றுக் கப்பி இறுகிக் கிடந்தால் ஏறி எண்ணெய் விடுவார். அந்தக் கப்பிகள் எனக்கு எத்தனை வாக்கு எடுத்துத் தந்தன என்று தெரியாது.

நான் வென்றேன். சொற்ப வாக்குத்தான். வாக்கு எண்ணிய பள்ளிக்கூட வாசலில் அண்ணன் வந்து நின்றான், மாலை இல்லாமல். "கெட்டிக்காரி," என்றான். பிறகு இவரைப் பார்த்து, "மச்சானுக்குத்தான் பெருமை," என்றான். இவர் சிரித்துக்கொண்டு, "எனக்கென்ன, நான் சைக்கிள் றைவர்," என்றார். சிரித்தபடியே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் அதைக் கண்டான் என்று நினைக்கிறேன். இவருடைய தோளில் கையைப் போட்டுக்கொண்டு வெற்றிலைக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

முதற்கூட்டத்தில் ஒரு மதகைப் பற்றிக் கேட்டேன். மாரியில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாத இடம். அடுத்த கூட்டத்தில் எடுப்போம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் அதற்கடுத்தது என்றார்கள். இப்போது என் போனும் அடிக்கிறது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு "ஓம், சொல்லுங்கோ" என்று முற்றத்துக்கு வந்தால் சோறு குழைந்துபோகிறது. சும்மா இருக்கும்போதும் காலில் ஒரு துடிப்பு. எங்கேயாவது யாராவது எனக்காக நிற்பதுபோல. இது ஒரு தொற்றுவருத்தம் என்று இவரிடம் சொன்னேன். "மாறாது," என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

இந்த மாரிக் காலபோகத்துக்கு வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள்தான் விதைக்கவேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். விதைக்கிற அன்று எனக்குக் கூட்டம். அன்றைக்கென்றே மாகாணசபைத் தேர்தல் பற்றி ஏதோ ஒரு கதை திரும்பவும் கிளம்பி, ஆளாளுக்கு அவருக்குப் போன் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டு கிழமை கழித்து வரம்பில் நின்று பார்த்தேன். நாற்று ஓரிடத்தில் தலைமயிர்போல அடர்த்தி. பக்கத்தில் ஆள் படுக்கலாம், அவ்வளவு வெறுமை.

"என்னப்பா இது?"

"ஒரு கையிலை போன்," என்றார். "மற்றக் கையாலை விதைச்சனான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அடர்த்தியான இடத்தில் பிடுங்கி வெறுமையான இடத்தில் நடத் தொடங்கினார். நானும் இறங்கினேன். நடுவில் அவர் நிமிர்ந்து, "இந்தமுறை மெய்யாவே தேர்தல் வைப்பாங்கள் போலைகிடக்கு. நான் திரும்ப நிக்கட்டோ?" என்றார்.

"குனிஞ்சு நடுங்கோ," என்றேன். "பாப்பம்."

வரம்பில் வைத்த இரண்டு போன்களில் ஒன்று அடித்தது. யாருடையது என்று இருவரும் திரும்பிப் பார்த்தோம்.